நலவாழ்வுப் பகுதி: மூச்சுக்கும் அளவுண்டு

நிமோனியா முற்றி மூச்சுத் திணறிய உறவினர் ஒருவர் செயற்கைச் சுவாசக் கருவியுடன் கிடக்கும்பொழுது, “இன்னும் சற்று அதிகமாகக் காற்றைச் செலுத்தலாகாதா?” என்று கேட்கத் தோன்றுவது இயல்பே. அதற்கு விடை நுரையீரலின் படத்தில் உள்ளது.

இக்கொடிய நோய்நிலையை 1967-இல் அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர்கள் 12 நோயாளிகளிடம் கண்டு எழுதினர். எக்ஸ்ரே படத்தில் இருபுறமும் வெண்மை படர்ந்திருந்தமையால், நுரையீரல் முழுவதும் ஒரே சீராகக் கெட்டதென்று கருதப்பட்டது. 1980-களில் இத்தாலிய மருத்துவர் லூசியானோ கத்தினோனியும் அவர்தம் குழுவினரும் சி.டி. ஸ்கேன் மூலம் உண்மையைக் கண்டனர். மல்லாந்து கிடப்பவரின் முதுகுப்புற நுரையீரல் நீர்கோத்து அமுங்கிக் கிடந்தது. முன்புறத்தில் சிறு பகுதியே காற்றை ஏற்றது. அதனைக் ‘குழந்தை நுரையீரல்’ என்றனர். சிறு துருத்தியில் பெருங்காற்றை அடைத்தால் அது கிழியுமன்றோ?

2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வு 861 நோயாளிகளைப் பற்றியது. கிலோவுக்கு 12 மில்லி லிட்டர் காற்று பெற்றவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் இறந்தனர்; 6 மில்லி லிட்டர் பெற்றவர்களில் 31 பேர். இங்கு எடையென்பது உயரத்தைக்கொண்டு கணிக்கப்படுவது. 170 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆடவருக்கு ஒரு மூச்சுக்கு ஏறத்தாழ 400 மில்லி லிட்டரே போதும். நோயாளியைக் குப்புறக் கிடத்துவதும் அமுங்கிய பின்பகுதியைத் திறப்பதற்கே. அதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

எனினும், படத்தைப் பிழையாகப் படித்தால் தீங்கே விளையும். 2019-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், படத்தைப் பார்த்துக் கருவியை அமைத்தமையால் மொத்தத்தில் மரணம் குறையவில்லை. ஏறத்தாழ ஐவரில் ஒருவரின் நுரையீரல் தவறாக வகைப்படுத்தப்பட்டிருந்தது. அதற்கேற்பக் கருவி அமைக்கப்பட்டவர்களிடையே மரணம் மிகுந்தது.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் இதனைச் சிறப்பாக மனங்கொள்ள வேண்டும். 1956-இல் வகுத்த எல்லையின் இருபுறமும் நமக்கு உறவினரும் மருத்துவரும் உண்டு. நாகர்கோவிலில் எடுத்த படம் வீட்டுப் பெட்டியில் கிடக்க, நோயாளி திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசெல்லப்படலாம். பழைய தழும்பு எது, புதிய நோய் எது என்று மருத்துவர் பிரித்தறியப் பழைய படம் பெரிதும் உதவும்.

ஆகவே அன்பர்களே, வீட்டிலுள்ள முதியோரின் மார்புப் படங்களைத் தேதி எழுதி ஓர் உறையில் வையுங்கள். அவ்வுறையின்மேல் அவர்தம் உயரத்தையும் குறித்துவையுங்கள். ஆபத்து வேளையில் அவ்வுறையும் உடன் செல்லட்டும்.