மஞ்சள் போல்டரை நம்பலாமா?



ஐ.சி.டி. பாடவேளையில் பிள்ளைகளுக்கு போல்டரின் ஐகனை மாற்றக் காட்டிக் கொடுத்தால் "இதெல்லாம் ஒரு பாடமா சேர், விளையாட்டுத்தானே" என்று கேட்பவர்கள் நம் ஊர்களில் நிறையப் பேர். பெற்றார் மட்டுமல்ல, ஆசிரியர்களும்தான். பரீட்சைக்கு வராததை எதற்குப் படிப்பிக்க வேண்டும் என்பது அவர்களின் நியாயம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓ.எல். எழுதப்போகும் பிள்ளை கட்டாயம் ஒருதரமாவது செய்து பார்க்க வேண்டிய வேலை இது. அழகுக்காக அல்ல.

செய்முறை இரண்டு நிமிடம்தான். போல்டரின் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கஸ்டமைஸ், சேஞ்ச் ஐகன். விண்டோஸ் வைத்திருக்கும் படங்களின் வரிசை ஒன்று திறக்கும். பிடித்ததை எடுத்து ஓகே கொடுத்தால் மஞ்சள் போல்டர் மரமாகவோ, பூட்டாகவோ, நட்சத்திரமாகவோ மாறிவிடும். உள்ளே இருந்த கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. நடந்ததெல்லாம் 'டெஸ்க்டொப் டொட் ஐஎன்ஐ' என்ற ஒரு சின்ன மறைகோப்பு அந்தப் போல்டருக்குள் சேர்ந்ததுதான். "இந்தப் போல்டருக்கு இந்தப் படத்தைக் காட்டு" என்று அதில் எழுதியிருக்கும், அவ்வளவுதான்.

இதைக் கண்ட பிள்ளைக்கு ஒரு விடயம் விளங்கிவிடுகிறது. போல்டர் வேறு, அதன் முகத்தில் ஒட்டியிருக்கும் படம் வேறு. அந்தப் படத்தை யாரும் எதன் மேலும் ஒட்டலாம்.

இது விளங்காததால் நம் பகுதியில் எத்தனை பேர் பட்டிருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கல்முனை பஸாரில் போட்டோகொப்பி கடைக்குப் பென் டிரைவைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து திறந்தால், போல்டர்கள் எல்லாம் ஷோர்ட்கட்டாக நிற்கும். இல்லாவிட்டால் போல்டர் மாதிரியே இருக்கும், ஆனால் உள்ளே போல்டர் இராது. அது ஒரு புரோகிராம், அதாவது 'ஈஎக்ஸ்ஈ' கோப்பு. ஒவ்வொரு புரோகிராமும் தன் ஐகனைத் தன்னுள்ளேயே சுமந்து வருகிறது. வைரஸ் எழுதியவன் மஞ்சள் போல்டர் படத்தை அதற்குள் வைத்துவிடுகிறான். கோப்பின் வாலில் உள்ள 'ஈஎக்ஸ்ஈ' என்ற எழுத்துகளை விண்டோஸ் தானாகவே மறைத்துவிடும். நாமும் போல்டர் என்று நம்பி இரண்டு தட்டுத் தட்டுகிறோம்.

முன்பு பென் டிரைவைக் குத்தியவுடனேயே வைரஸ் தானாக ஓடியது. விண்டோஸ் 7 அந்த வழியை 2009இல் அடைத்தது. எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் 2011இல் அடைத்தார்கள். அதன்பின் வைரஸுக்கு நம்முடைய விரல் தேவைப்பட்டது. விரலை ஏமாற்ற ஒரு போல்டர் படம் போதும்.

இதில் எனக்கு மிகக் கவலையான இடம் ஒன்று உண்டு. ஷோர்ட்கட் வைரஸ் வந்த பென் டிரைவைப் பார்த்ததும் "எல்லாம் போய்ட்டு, ஃபோர்மட் பண்ணுங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். தவணைப் புள்ளிகள், பிள்ளையின் ப்ரொஜெக்ட், மௌத்தாகிப்போன வாப்பாவின் போட்டோக்கள் எல்லாம் அந்த ஒரு கிளிக்கில் போய்விடுகின்றன. உண்மையில் பெரும்பாலான நேரங்களில் அவை அழிந்திருக்காது. வைரஸ் அவற்றை மறைத்து வைத்திருக்கும், அவ்வளவுதான். எனவே ஃபோர்மட் பண்ண முதல் ஃபோல்டர் ஒப்ஷன்ஸில் மறைகோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். அதற்குக் கீழே, சிஸ்டம் கோப்புகளை மறைக்கச் சொல்லும் சரி அடையாளத்தையும் எடுத்துவிடுங்கள். மங்கலான நிறத்தில் உங்கள் பழைய போல்டர்கள் தெரியக்கூடும். அவற்றைத் திறக்காமல் முதலில் அன்டிவைரஸை ஓடவிட்டு, பிறகு வேறிடத்துக்குக் கொப்பி எடுங்கள். அப்படியே கோப்புப் பெயரின் வாலைக் காட்டும் ஒப்ஷனையும் போட்டுவிடுங்கள். 2000ஆம் ஆண்டு மே மாதம் உலகத்தையே உலுக்கிய 'ஐ லவ் யூ' வைரஸும் மறைந்திருந்த வாலை வைத்துத்தான் சாதாரணக் கடிதம் போல் நடித்தது. அது பிலிப்பைன்ஸில் இருந்து புறப்பட்டது. கணினிப் போல்டருக்கு மாதிரியாக இருந்த மஞ்சள் அட்டைக்கு மணிலா என்று பெயர் வந்ததும் அந்த நாட்டு நாரினால்தான் என்பது ஒரு வேடிக்கை.

"இப்ப ஆருக்கு சேர் பென் டிரைவ், எல்லாம் போன்தானே" என்பார்கள். போனில் நிலைமை இன்னும் மோசம். இந்தியாவில் 2024இல் கல்யாணக் காட் என்று சொல்லி வட்சப்பில் 'ஏபிகே' கோப்புகளை அனுப்பி போனையே கைப்பற்றினார்கள். பொலிஸார் எச்சரிக்கை விடவேண்டி வந்தது. நம் உம்மாமார் கல்யாணக் காட் என்றால் திறக்காமல் இருப்பார்களா?

இனி நல்ல பக்கத்துக்கு வருவோம். நம் வீட்டுக் கணினிகளில் போல்டர் பெயர்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. பலருக்கு அதற்குப் பாமினி ஒரு காரணம். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஒரு அரைப்புள்ளி. வேர்டுக்குள் அது தமிழாகத் தெரியும். போல்டர் பெயரிலோ விண்டோஸ் தன் எழுத்துருவையே பாவிப்பதால் கிறுக்கலாக நிற்கும். யுனிகோடில் அடித்தால் 'வாப்பாவின் ஹஜ்' என்றே பெயர் வைக்கலாம். அதோடு ஒரு படத்தையும் போட்டுவிட்டால் எழுத்து வாசிக்கச் சிரமப்படும் மூத்தம்மாவும் யாரையும் கூப்பிடாமல் போட்டோவைத் திறந்து பார்ப்பார். காணி உறுதியின் ஸ்கேனுக்குப் பூட்டுப் படம் போட்டவர்கள் மட்டும் கவனம். பூட்டுப் படம் எதையும் பூட்டாது.

நீங்களே செய்த ஐகனை (அது 'ஐகோ' வகைக் கோப்பாக இருக்க வேண்டும்) உங்கள் கணினியில் வைத்துவிட்டு போல்டரை மட்டும் பென் டிரைவில் கொண்டுபோனால், பாடசாலையில் அது திரும்பவும் மஞ்சளாகத்தான் தெரியும். படம் வீட்டில் இருக்கிறதே! விண்டோஸின் சொந்தப் படமென்றால் பெரும்பாலும் அங்கும் தெரியும். ஏன் இப்படி என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள், ஐ.சி.டி. ஆசிரியர்களே. தரம் 8 பிள்ளைகள் சண்டை பிடித்துப் பதில் கண்டுபிடிப்பார்கள்.