தேவதாஸை ஏமாற்றியது யார்?

தாடி, சால்வை, கையில் பாட்டில். இந்த உருவத்தைப் பார்த்ததும் "பாவம், எவளோ ஏமாத்திட்டா" என்று சொல்லிவிடுகிறோம். ஆண் குடித்தால் காரணம் ஒரு பெண். எழுபது ஆண்டுகளாக நம் சினிமா ஊட்டி வளர்த்த நம்பிக்கை இது. இதற்கு மூலவிக்கிரகம் தேவதாஸ்.

அந்தக் கதையிலாவது இது உண்மையா? சரத்சந்திரரின் வங்க நாவல் 1917இல் வெளிவந்தது. அதில், ஊர்ப்பழிக்கு அஞ்சாமல் நள்ளிரவில் அவன் அறைக்கே வந்து தன்னை ஏற்கச் சொன்னவள் பார்வதி. பெற்றோரை எதிர்க்கத் துணிவில்லாமல் கல்கத்தாவுக்குப் போய், கைகழுவிக் கடிதம் எழுதியவன் தேவதாஸ். மனம் மாறித் திரும்பியவனை அவள் மறுத்தபோது, தூண்டில் கழியால் அடித்து அவள் நெற்றியில் தழும்பு வைத்தான். பிறகு அவள் மனைவியை இழந்த ஒரு ஜமீன்தாருக்கு வாழ்க்கைப்பட்டு, வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீட்டைக் கட்டி ஆண்டாள். இவன் குடித்தான். இதில் யார் யாரை ஏமாற்றியது?

துக்கம்தான் குடிக்க வைக்கிறது என்றால் பெண்களல்லவா அதிகம் குடித்திருக்க வேண்டும்? ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மது அருந்தும் ஆண்கள் 25.4 சதவீதம், பெண்கள் 0.3. 2003 முதல் அரசே நடத்தும் டாஸ்மாக் கடையில், பகல் 12 மணிக்குக் கதவு திறக்குமுன் காத்து நிற்பவர்கள் எல்லோருமா காதலில் தோற்றவர்கள்?

துக்கத்தில் குடிப்பவர்களே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் குடிநோய்க்குக் 'காதல் தோல்வி' என்று பெயர் வைத்துவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டியதில்லை. அவளைத் திட்டினால் போதும். நம் கேமராவும் நாயகனோடு பாருக்குப் போய், ஒரு பாட்டு முழுக்க அங்கேயே உட்கார்ந்துவிடுகிறது. ராத்திரி அவன் வந்து தட்டப்போகும் கதவுக்கு உள்ளே, பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டுக் காது கொடுத்துக்கொண்டிருப்பவளிடம் அது போவதில்லை. போனாலும், கணவனை நச்சரிக்கும் மனைவி என்று நகைச்சுவைப் பகுதியில்தான் அவளுக்கு இடம்.

1953இல் வந்த 'தேவதாஸ்' படத்தில் பார்வதியாக நடித்தவர் சாவித்திரி. பின்னாளில் அவரும் குடிக்கு ஆளானார். நெடுநாள் நினைவிழந்து கிடந்து 1981இல் இறந்தார். தேவதாஸுக்குக் கண்ணீர் விட்ட அதே ஊர், சாவித்திரியின் குடியை மட்டும் பெண்பிள்ளைகளுக்கு எச்சரிக்கைக் கதையாகச் சொல்லிவருகிறது. அவரை யார் ஏமாற்றியிருப்பார்கள் என்று அனுதாபத்தோடு தேடுகிறவர்கள் குறைவு. குடும்பப் பெண் இப்படிச் செய்யலாமா என்று கேட்கிறவர்கள்தான் அதிகம்.