இ.ஜி.ஆர். வால்வை அடைக்காதீங்க, கழட்டிக் கழுவுங்க

பிக்கப் வண்டி கரும்புகை அடிக்குது, இழுவை இல்லைன்னு கடலூர்–சிதம்பரம் ரோட்டுல ஒரு ஒர்க்ஷாப்புல கொண்டுபோய் விட்டுப் பாருங்க. "இ.ஜி.ஆரை அடைச்சுடலாம்ணே, ஒரு தகரம் வெட்டி நடுவுல வெச்சா முடிஞ்சுது, மைலேஜும் ஏறும்" என்பார்கள். கம்பெனி சர்வீஸுக்குப் போனால், "வால்வு போயிடுச்சு சார், முழு செட்டா மாத்தணும்." ரெண்டுமே தப்பு. இதைப் படிச்சு கோபப்படுற மெக்கானிக் தம்பிங்க தாராளமா கோபப்படட்டும்.

முதல்ல அந்த வால்வுக்கு என்ன வேலைன்னு பார்ப்போம். எஞ்சின் இழுக்கிற காத்துல முக்கால் பங்குக்கு மேல நைட்ரஜன். அதிக சூட்டுல அது ஆக்சிஜனோட சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு ஆகுது. புகையில கொஞ்சத்தைத் திருப்பி எஞ்சினுக்குள்ளயே விட்டா ஆக்சிஜன் குறையும், சூடும் குறையும், அந்த விஷவாயுவும் குறையும். எவ்வளவு விடணும்னு திறந்து மூடுற கதவுதான் இ.ஜி.ஆர். வால்வு. முழு லோடுல இழுக்கும்போது அது மூடிக்கும். அதனால நல்லா இருக்கிற வால்வு உங்க இழுவையைத் திருடாது. கரி பிடிச்சு திறந்தபடி சிக்கிக்கிட்ட வால்வுதான் திருடும்.

அடைச்சா கரும்புகை குறையும், அது உண்மை. அதைக் காட்டித்தான் நம்மள ஏமாத்துறாங்க. டீசல் வண்டிக்குப் புகைச் சான்று கொடுக்கிற இடத்துல அளக்கிறது புகையோட கருமையை மட்டும்தான். கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடை அங்க யாரும் அளக்கிறதில்லை. அடைச்ச வண்டி சுலபமா பாஸ் ஆகிடும். ஆனா அந்த வாயு வெயில்ல மத்த வாயுக்களோட சேர்ந்து ஓசோனா மாறி, நெல்லு இலைக்குள்ள புகுந்து மகசூலைக் குறைக்கும். நம்ம பிள்ளைங்க நெஞ்சுக்குள்ளயும் போகும். சிப்காட் புகையை எதிர்த்து உப்பனாற்றங்கரை கிராமத்து ஜனங்க எத்தனை வருஷமா போராடுறாங்க! நாமளும்தான் கூட நின்னு பேசுறோம். பேசிட்டு தகரம் வெச்ச வண்டியில ஏறி வீட்டுக்கு வந்தா அது என்ன நியாயம்?

2015-ல் ஃபோக்ஸ்வாகன் கம்பெனி அமெரிக்காவுல மாட்டினது இதே வாயுவுக்குத்தான். சோதனையில மட்டும் ஒழுங்கா ஓடுற மாதிரி கம்ப்யூட்டர்ல ஏமாத்து வேலை. இந்தியாவுலயும் 3 லட்சத்துக்கு மேல கார்களைத் திரும்ப அழைச்சாங்க. பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் 500 கோடி அபராதம் போட்டது, கம்பெனி உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அவன் சாஃப்ட்வேர்ல செஞ்சதைத்தான் நாம தகரத்துல செய்றோம்.

கரி ஏன் நம்ம வண்டியில சீக்கிரம் சேருதுன்னா, நாம ஓட்டுற லட்சணம் அப்படி. சம்பா அறுப்புல கொள்முதல் நிலைய வாசல்ல எஞ்சினை அணைக்காம வரிசையில நிக்கிறோம். புவனகிரிக்கும் சந்தைக்கும் ரெண்டு மைல், மூணு மைல்னு உருட்டுறோம். எஞ்சின் சூடேறாம ஓடினா கரியும் ஆயில் ஆவியும் சேர்ந்து தார் மாதிரி ஒட்டும். பரங்கிப்பேட்டை, கடலூர் முதுநகர் பக்கம் மீன் லோடு அடிக்கிற வண்டிகளுக்கு உப்புக்காத்து வேற. வால்வு நல்லாவே இருக்கும், ஒயர் கனெக்டர் பின்னு பச்சை பூத்து நிக்கும். அதுக்குப் போய் வால்வையே மாத்துவாங்க.

என் வண்டி பி.எஸ்.4. ஒரு சர்வீஸ் சென்டர்ல 26,000 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்தாங்க. "கழட்டிப் பார்த்தீங்களா?"ன்னு கேட்டேன். "ஸ்கேனர்ல கோடு வந்திருக்கு சார்." என்ன கோடு? பி0401. வாயு ஓட்டம் போதலைன்னுதான் அதுக்கு அர்த்தம். வால்வு செத்துடுச்சுன்னு அது சொல்லலை. வாய்க்கால்ல தண்ணி வரலைன்னா மதகையே இடிச்சுக் கட்டுவாங்களா? தூர் வாரிப் பார்க்க மாட்டாங்களா? வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன். தெரிஞ்ச மெக்கானிக்கோட உக்காந்து அரை நாள்ல முடிச்சோம். கேஸ்கெட், கிளீனர் செலவு ஆயிரம்கூட ஆகலை.

செய்ற முறை இதுதான். முதல்ல ஏர் ஃபில்டர், டர்போ ஓஸ் கிழிசல் ரெண்டையும் பாருங்க, கரும்புகைக்கு பாதி நேரம் அதுவே காரணமா இருக்கும். எஞ்சின் ஆறினப்புறம் பேட்டரி மைனஸைக் கழட்டுங்க. கனெக்டரை உருவி பின்னைப் பாருங்க. வால்வைக் கழட்டி, கரியை மரக்குச்சியாலயும் பழைய டூத் பிரஷ்ஷாலயும் சுரண்டுங்க, கார்புரேட்டர் கிளீனர் அடிச்சு ஊறவிடுங்க. மோட்டார் இருக்கிற பக்கம் கிளீனர் போகக்கூடாது. ஸ்குரூடிரைவரை விட்டு நெம்பவே கூடாது, உள்ள பல்சக்கரம் போயிடும். வால்வு உக்கார்ற வழியையும் மேனிஃபோல்டு வாயையும் சேர்த்துச் சுத்தம் பண்ணணும், அதை விட்டா மறுபடி இதே கதைதான். கேஸ்கெட் கட்டாயம் புதுசு.

கூலன்ட் வெளியே ஒழுகாமலே குறையுது, வெள்ளைப்புகையும் வருதுன்னா இ.ஜி.ஆர். கூலர்ல ஓட்டை இருக்கலாம். அதைத் தள்ளிப்போடாதீங்க, தண்ணி சிலிண்டருக்குள்ள போனா எஞ்சினே போயிடும். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பி.எஸ்.6 வண்டியில அடைக்கிற பேச்சே வேண்டாம். சென்சார் கண்டுபிடிச்சு விளக்கு எரியும், வேகமும் குறையும். அதை மறைக்க கம்ப்யூட்டரையே மாத்தி எழுதணும்பாங்க, செலவு மேல செலவு. பி.எஸ்.6-ல கழுவி மாட்டினதும் ஸ்கேனர் வெச்சு வால்வு அளவைப் பதிவு பண்ணவும் வேண்டியிருக்கும். அதனால அதுக்கு ஸ்கேனர் உள்ள ஆளாப் பாருங்க.

கழுவியும் வால்வு அசையலை, ஸ்பிரிங் திரும்பலைன்னா அப்ப மாத்துங்க. அப்பவும் பழைய வால்வைக் கையில வாங்கிப் பார்த்துட்டுத்தான் பணம் கட்டணும்.