தனக்குத் தானே கங்காணி

என் இளைய நண்பர் ஒருவர் வீட்டிலிருந்தபடியே இணையத் தளங்களை வடிவமைத்துப் பிழைக்கிறார். ‘எனக்கு முதலாளி கிடையாது’ என்று பெருமையாகச் சொல்லுவார். சென்ற வாரம் அவரைப் பார்க்கப் போனேன். இருபத்தைந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மேஜைமேல் மணி அடித்தது. பேச்சின் நடுவே, ‘மன்னிக்கணும் சார், இடைவேளை முடிஞ்சுபோச்சு’ என்று எழுந்துவிட்டார். முதலாளி இல்லாதவருக்கு இத்தனை பெரிய கங்காணியா என்று முதலில் சிரிப்பு வந்தது. பிறகு வருத்தமாக இருந்தது.

இந்தக் கங்காணியின் பூர்வோத்தரம் சுவாரஸ்யமானது. அமெரிக்காவில் டெய்லர் என்ற எஞ்சினீயர், தொழிலாளியின் அசைவுகளைக் கடிகாரம் பிடித்து அளந்தார். 1911ல் அதை விஞ்ஞானம் என்று புத்தகமே போட்டார். அதே வருஷம் வாட்டர்டவுன் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஒரு வார்ப்புத் தொழிலாளி, கடிகாரத்தின் முன் வேலை செய்ய முடியாது என்றார். அவரை நீக்கினார்கள், தோழர்கள் வெளியேறினார்கள். பின்னால் அமெரிக்க காங்கிரஸே, ராணுவப் பணத்தை இப்படிக் கடிகாரம் பிடிக்கச் செலவிடக் கூடாது என்று தடை செய்தது.

அவர் வேண்டாம் என்று தள்ளிய கடிகாரத்தை நம் சுதந்திரத் தொழிலாளி வலியத் தேடிப் போய்க் கட்டிக்கொள்ளுகிறார்!

தக்காளிக் கடிகார முறையை நான் பழிக்கவில்லை. 1980களின் பிற்பகுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், படிப்பில் மனம் ஒட்டாமல், தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தைத் திருகி வைத்துக்கொண்டு படித்தார். உட்கார மனம் வராதவனுக்கு அது நல்ல ஊன்றுகோல். ஊன்றுகோலாலேயே தன் முதுகில் அடித்துக்கொள்ளுகிறவனைத்தான் நான் ஏசுகிறேன்.

நண்பரின் நாளைத் தின்றது சோம்பலா? விசாரித்தேன். ஒரு ஜவுளிக் கடைக்குத் தளம். வாசகமும் புகைப்படமும் கடைக்காரர் தரவில்லை. ‘லோரம் இப்சம்’ என்ற அர்த்தமற்ற எழுத்தைப் போட்டு இவர் வடிவத்தை முடித்துவிட்டார். உண்மை வாசகம் வந்தபோது மும்மடங்கு நீளம். கைப்பேசித் திரையில் எல்லாம் சரிந்தது. திருத்தினார். அண்ணனுக்குப் பிடித்தது தம்பிக்குப் பிடிக்கவில்லை. ‘ஒரே ஒரு சின்ன மாற்றம்’ என்று பதினோராவது தரம் கேட்டார்கள். எந்தத் தக்காளி இதைத் தடுக்கும்?

ஒரு தாளில் நாலு வரி தடுக்கும். வாசகம் வந்த பிறகே வேலை. பாதிப் பணம் முன்னால். திருத்தம் இரண்டு தரம். மூன்றாவதற்குத் தனிக் கூலி. சம்மதம் சொல்லுகிறவர் ஒரே ஆள்.

‘இப்படிப் பேசினால் வேலை கைவிட்டுப் போகுமே’ என்பார்கள். சில வேலை போகும், வாஸ்தவம். முன்பணம் தர மறுக்கிறவர் பின்பணம் தருவார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

இதைவிடப் பெரிய மோசம் மணிக்கூலி. பத்து வருஷப் பழக்கத்தால் ஒரு மணியில் முடிக்கிறவனுக்கு ஒரு பங்கு. தெரியாமல் நாலு மணி தடுமாறுகிறவனுக்கு நாலு பங்கு! தொழில் தேறத் தேறக் கூலி குறைகிற விந்தை இது. அப்வொர்க் போன்ற வேலைச் சந்தையில் மணிக்கூலிக்கு உத்தரவாதம் வேண்டுமானால், சுமார் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் திரை படமாகப் பதிவாகிறது. விசை தட்டியதற்கும் கணக்கு. கையைக் கட்டிக்கொண்டு யோசிப்பவன் அந்தக் கணக்கில் சும்மா இருப்பவன்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். பேனா ஓடாத நேரத்தில்தான் என் கதை உருவாகிறது என்று எனக்குத் தெரியும். எந்தப் பொத்தான் எங்கே இருந்தால் ஒரு கிழவி தடுமாறாமல் பணம் கட்டுவாள் என்று ஜன்னலைப் பார்த்தபடி யோசிக்கிறானே, அதுதான் வடிவமைப்பாளனின் வேலை. மற்றது கைவேலை.

தம்பி, கடிகாரம் மேஜைமேல் இருக்கட்டும், கழுத்தில் கட்டிக்கொள்ளாதே. அடுத்த மணி அடிக்கும்போது வேலைக்குத் திரும்பாதே. அந்த நாலு வரியை எழுது.