புள்ளிவிவரம் சோதிடம் ஆகலாமா?

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (புள்ளியியல்) மாணவர்

வாயால் சொன்னால் நம்பாதவன்கூட, அதையே தசமப் புள்ளி வைத்துச் சொன்னால் நம்பிவிடுகிறான். இந்த மயக்கத்தை முதலாக்கி அமெரிக்காவில் ஒரு வியாபாரம் நடக்கிறது. விளையாட்டுப் பந்தயத்தைக் கட்டுப்படுத்திய 1992ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது என்று 2018 மே மாதத்தில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் மாநிலம் மாநிலமாகப் பந்தயத்துக்குக் கதவு திறந்தது. பேஸ்பால் ஆட்டம் தொடங்கும் முன்பே ‘இன்று யார் மேல் பணம் கட்டலாம்’ என்று எழுதும் முன்னோட்டங்களும் பெருகிவிட்டன. அவற்றுள் சிலவற்றைப் படித்துப் பார்த்தேன்.

பேஸ்பால் நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம். பிட்சர் என்பவர் பந்து எறிவார். மட்டைக்காரர் அதை அடித்துவிட்டு, ஆட்டமிழக்காமல் முதல் தளத்தையாவது சேர்ந்தால் அது ஒரு ஹிட். பத்து வாய்ப்பில் மூன்று ஹிட் அடிப்பவர் சிறந்த மட்டைக்காரர், அவருடைய சராசரியை.300 என்று எழுதுவார்கள்.

முன்னோட்டக்காரர் எழுதும் முறை இப்படி: “இந்த மட்டைக்காரர் இன்றைய பிட்சரை எதிர்த்து 20 வாய்ப்பில் 8 ஹிட் அடித்திருக்கிறார். சராசரி .400! தயங்காமல் கட்டலாம்.”

நண்பர்களே, நாம் படிக்கும் ஈருறுப்புப் பரவலைக் கொண்டு இதைக் கணக்கிட்டுப் பாருங்கள். .300 சராசரிக்காரர் ஒருவர், அந்தப் பிட்சரிடம் எந்தத் தனித்திறமையும் இல்லாமலே, 20 வாய்ப்பில் 8 அல்லது அதற்கு மேல் ஹிட் அடிப்பதற்கான நிகழ்தகவு ஏறக்குறைய 0.23. அப்படிப்பட்ட நூறு பேரை நிறுத்தினால் இருபத்து மூன்று பேர் இந்தப் ‘பெருமைக்கு’ உரியவர்கள்! அங்கே முப்பது அணிகள். ஒவ்வொன்றிலும் பல மட்டைக்காரர்கள். தேடினால் யாராவது ஒருவர் அகப்படாமலா போவார்? அகப்பட்டவரை அச்சில் ஏற்றிவிட்டு மற்றவர்களை மறைத்துவிடுவது எந்த ஊர்ப் புள்ளியியல்? அதே .300 காரர் நான்கு வாய்ப்பிலும் ஹிட் இல்லாமல் வெறுங்கையோடு திரும்பும் நாள்கள் நூற்றுக்கு 24. இதை மட்டும் எழுத மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்று. அந்த எண்களெல்லாம் பந்தய நிறுவனத்தாரிடமும் உண்டு. அவர்கள் வைக்கும் விலையிலேயே அவை அடங்கிவிட்டன. இரு பக்கமும் சமமான பந்தயத்தில் 100 டாலர் இலாபம் பெற 110 டாலர் கட்டுவது அங்கே வழக்கம். நூற்றுக்கு 52.4 தடவை சரியாகச் சொன்னால்தான் போட்ட முதலாவது மிஞ்சும்.

ஆட்டத்தை உள்ளிருந்தே அறிந்தவர் கதி என்ன? பிட்ஸ்பர்க் அணிக்காக ஆடிய டுகுபிட்டா மார்க்கானோ, பேஸ்பால் மீதே பந்தயம் கட்டியதற்காக 2024 ஜூனில் ஆயுள் தடை பெற்றார். லீக் ஆட்டங்கள் தொடர்பாக அவர் கட்டிய 231 பந்தயங்களில் வென்றவை நூற்றுக்கு 4.3 மட்டுமே என்று நிர்வாகமே அறிவித்தது. பல முடிவுகளை ஒன்றாகக் கோத்துக் கட்டியவை அவற்றில் மிகுதி என்பது உண்மைதான். அத்தகைய பந்தயங்களைத்தானே பெரும் இலாபம் என்று ஆசை காட்டி விற்கிறார்கள்!

குற்றம் எண்ணின் மேலல்ல. பேஸ்பாலில் புள்ளிவிவரம் தொகுக்கும் வழக்கத்தை வளர்த்த 19ஆம் நூற்றாண்டுப் பத்திரிகையாளர் ஹென்றி சாட்விக், சூதாட்டத்தைக் கண்டித்து எழுதியவர். 1977இல் தம் முதல் ஆய்வுத் தொகுப்பைத் தாமே வெளியிட்ட பில் ஜேம்ஸ், ஓர் உணவுத் தொழிற்சாலையில் இரவுக் காவலராக இருந்தவர். (இதைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமல்ல.) அவர் வழியில் எண்களை ஆராயும் அணிகளுக்கு 162 ஆட்டங்கள் கொண்ட ஒரு முழுப் பருவம் கையில் இருக்கிறது, ஒரு நாள் பிசகினால் மறுநாள் சரிக்கட்டலாம். பந்தயம் கட்டுபவனுக்கோ அன்றைய ஓர் இரவு!

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். நான் ஒரு கணக்கைச் சொன்னால் வீட்டில் மறுபேச்சு இல்லை. படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பார்கள். அதே நம்பிக்கையைத்தான் முன்னோட்டக்காரர் முகமறியாத மக்களிடம் காசாக்குகிறார். அவர் ஒன்று செய்யட்டும். சென்ற மாதம் தாம் சொன்னவை எத்தனை, பலித்தவை எத்தனை என்ற கணக்கை ஒவ்வொரு முன்னோட்டத்தின் அடியிலும் அச்சிடட்டும். நான் படித்தவற்றில் அந்த எண்ணை மட்டும் காணோம்.