பலகையில் உள்ள வாட்டும் அலையில் உள்ள வாட்டும்

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில், மின்னால் ஓடும் உருளிநாற்காலிகள் சில, ஏறியிருந்தவர் தொடாமலே நகர்ந்தன. தடை தானே விடுபட்டது. கையில் கொண்டுசெல்லும் பேசுகருவிகள் முதலியன வீசும் வானொலியலைகளே இதற்குக் கரணியமாகலாம் என்று கண்ட அந்நாட்டு உணவு மருந்து ஆட்சியகம், அத்தகைய நாற்காலிகள் மீட்டருக்கு 20 வோல்ட்டு அலைப்புலத்தைத் தாங்குதல் வேண்டும் என 1994இல் அவற்றைச் செய்வோர்க்கு அறிவுறுத்தியது. நடக்கவியலாத ஒருவரின் ஏமம் அந்த ஓர் எண்ணில் தங்கியது.

அவ்வெண் மெய்யாவதும் பொய்யாவதும், ஆய்வகத்தின் மூலையில் இரைந்துகொண்டிருக்கும் ஒரு பெட்டியைப் பொறுத்தது. அகலலைத் திண்மநிலைத் திறன்பெருக்கி என்பது அதன் பெயர். வானொலி நிலையத்துப் பெருக்கி ஓர் அலையெண்ணிலேயே நிலைத்துப் பணிசெய்வது. ஆய்வகத்துப் பெருக்கிக்கு அந்த நற்பேறு இல்லை. 80 மெகா எர்ட்சு முதல் 1000 வரை, நூற்றுக்கு ஒன்றாகப் படியேறுங்கால் 250க்கும் மேற்பட்ட படிகள் வருகின்றன. அத்தனையிலும் அது தளராமல் பாடவேண்டும். வெற்றிடக் குழல்களுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட்டு வேண்டியிருந்தது. திண்மநிலைப் பெருக்கியின் திரிதடையங்கள் 28 அல்லது 50 வோல்ட்டில் இயங்குவன.

வாங்குவோர் பலரும் பலகையில் பொறித்த வாட்டையே பார்க்கின்றனர். ஏமாற்றம் பிறக்கும் இடம் இதுவே. ஆய்வலை வெறுமனே வீசப்படுவதன்று. 1 கிலோ எர்ட்சால் 80 விழுக்காடு பண்பேற்றப்படுவது. அதனால் புலத்தின் முகடு 1.8 மடங்கு உயர்கிறது. திறனோ புலத்தின் இருமடியாக வளர்வது, ஆகவே 3.24 மடங்கு வேண்டும். பண்பேற்றாத அலைக்கு 50 வாட்டு போதுமெனில் முகட்டிற்கு 162 வாட்டு வேண்டும். அங்கே 100 வாட்டுப் பெருக்கி என்ன செய்யும்? முகட்டை மழித்துவிடும்! நாற்காலி, படவேண்டிய அடியைப் படாமலே ‘தேறியது’ என்ற சான்றைப் பெற்றுவிடும். 61000-4-3 என்னும் பன்னாட்டு நெறி இதனை அறிந்தே, பெருக்கி முகட்டிலும் நேர்போக்கில் நிற்கிறதா என்று முன்னரே பார்க்கச் சொல்கிறது. பார்ப்பவர் பார்த்தாலன்றோ!

மழிபட்ட அலை வாளா இருப்பதுமில்லை. இருமடங்கு, மும்மடங்கு அலையெண்களில் கிளையலைகளைப் பிறப்பிக்கிறது. புலமானி அகலலைக் கருவியாதலின், எது முதலலை எது கிளையலை என்று பிரித்தறியாமல் அனைத்தையும் சேர்த்தே காட்டும். குறைவாக வீசப்பட்டது நிறைவாகத் தோன்றும்.

இனி, வெப்பத்தைப் பற்றிய முணுமுணுப்பு. ‘ஏ’ வகுப்புப் பெருக்கி, உண்ணும் மின்னில் பாதிக்குமேல் வெப்பமாகவே கக்குகிறது. எடையும் விலையும் மிகுதி. அது வீண் என்று கணக்கர் கருதுவர், வீணன்று. 80 மெகா எர்ட்சை ஒட்டிய அலைகளுக்கு அலைவீசுங்கம்பி நன்கு பொருந்துவதில்லை. அனுப்பிய திறனில் பெரும்பங்கு திரும்பிவந்து பெருக்கியையே தாக்குகிறது. சிக்கனமான பெட்டிகள் பல, தம்மைக் காத்துக்கொள்ளத் திறனைக் குறைத்துக்கொள்கின்றன. நன்கமைந்த ‘ஏ’ வகுப்புப் பெட்டியோ அடியைத் தாங்கிக்கொண்டு முழுத்திறனையும் தந்து நிற்கும். கட்டிய மின்கட்டணத்திற்கு ஈடு அதுவே.

விலைப்புள்ளி கேட்போர் ‘இத்தனை வாட்டு’ என்று எழுதி நிறுத்துதல் தகாது. பெருக்கம் 1 டெசிபெல் குன்றும் இடத்தில், அலைப்பரப்பின் மிக மெலிந்த புள்ளியில், பொருந்தாத சுமையைத் தாங்கியவாறு கிடைப்பது எத்தனை வாட்டு என்று கேட்டல் வேண்டும். சில விற்பனையாளர் அதற்கு வரைபடத்தோடு விடை தருவர். தராதவர் பெட்டியைக் கடையிலேயே விட்டுவரலாம்.