ஓடுகிற காலுக்குக் கறி வேண்டுமா?

"கறி, மீன் இல்லாம 42 கிலோமீட்டர் ஓட முடியுமா சார்?" என்று கேட்பவர்களுக்கு நான் அமெரிக்காவின் ஸ்காட் ஜுரெக்கைத்தான் காட்டுவேன். பால்கூடத் தொடாத இவர், 161 கிலோமீட்டர் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் பந்தயத்தில் 1999 முதல் 2005 வரை தொடர்ந்து 7 முறை ஜெயித்தவர்! நீண்ட ஓட்டத்துக்கு முக்கிய எரிபொருள் சோறு, சப்பாத்தி, கிழங்கு தரும் மாவுச்சத்துதான்.

அதுக்காக, கறியை நிறுத்திட்டு வெறும் ரசம் சாதத்தோட ஓடக் கிளம்பிடாதீங்க! கறி குறைந்தால் தட்டில் பருப்பு, சுண்டல், கீரை கூட வேண்டும். கீரையின் இரும்புச்சத்து கறியில் உள்ளதுபோல் சுலபமாக உடம்பில் சேராது. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேருங்கள். மாதவிலக்கில் இரும்பை இழக்கும் பெண்கள் ஹீமோகுளோபினைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம். அசைவத்தோடு முட்டை, பாலையும் அறவே விட்டால் பி12 மாத்திரை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

என் கட்சி இதுதான்: கறியைக் குறையுங்கள், சத்தைக் குறைக்காதீர்கள்!